பச்சை வலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு

கேள்வி: சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். சென்ற ஜூன் முதல் தேதி குடிவந்தோம். வாடகை 28,000 ரூபாய், அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். தரகர் மூலம் முத்திரைத்தாளில் எழுதிய பதினொரு மாத ஒப்பந்தம். ஆகஸ்ட் கடைசியில் கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டிப் பச்சை வலையைப் போட்டார்கள். வெளிச்சுவர் பழுதுபார்ப்பு, தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்றது உரிமையாளர் சங்கம். பிறகு பொங்கல் என்றார்கள். தை முடியப் போகிறது, சாரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பால்கனியில் துணி உலர்த்த முடியவில்லை. படுக்கையறை ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றி மொட்டை மாடியில் வைத்துவிட்டார்கள். மாமியாருக்கு ஆஸ்துமா. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. மகள் பத்தாம் வகுப்பு, மார்ச்சில் பொதுத்தேர்வு. அக்டோபரிலிருந்து பராமரிப்புக் கட்டணத்தையும் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கிவிட்டார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் வீட்டு உரிமையாளரிடம் சொன்னால், "இது அசோசியேஷன் வேலை, நான் என்ன செய்ய முடியும்?" என்கிறார். வேலை முடிந்ததும் வீடு புதிதுபோல ஆகிவிடும், அதனால் வாடகையைக் கூட்டுவேன் என்றும் சொல்கிறார். நாங்கள் வருவதற்கு முன்பே, மார்ச் மாதப் பொதுக்குழுவில் இந்த வேலைக்குத் தீர்மானம் போட்டாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வாடகையைக் குறைக்கச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா? முன்கூட்டியே சொல்லாதது தவறில்லையா? காலி செய்தால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்புமா? வேலை முடிந்தபின் அவர் வாடகையை ஏற்றலாமா?

பதில்: நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்ட ஐந்தாவதில்தான் உடனடியாகக் கைக்கு வரக்கூடிய பணம் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பராமரிப்புக் கட்டணம் உயர்ந்ததை ஏதோ விலைவாசிபோல ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். காவலாளி சம்பளம், லிஃப்ட், மோட்டார் மின்கட்டணம், துப்புரவு, தண்ணீர் லாரி ஆகியவை குடியிருப்பவர் அனுபவிக்கும் சேவைகள். அதனால் வாடகைதாரர் கட்டுகிறார். வெளிச்சுவரை உடைத்துப் பூசுவது அந்த வகையில் சேராது. அது கட்டடத்தின் ஆயுளையும் அதன் விற்பனை மதிப்பையும் கூட்டும் வேலை. அதன் பங்குத் தொகை வீட்டுக்குச் சொந்தக்காரரைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறைகள் உங்கள் பக்கம். வாடகைதாரரால் ஏற்படாத கட்டமைப்புப் பழுதுகள், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம்.

சங்கத்தின் பொருளாளருக்கு வீட்டு எண்தான் கணக்கு. அந்த வீட்டில் சொந்தக்காரர் இருக்கிறாரா வாடகைக்காரர் இருக்கிறாரா என்று பார்த்துப் பில் போடுவதில்லை. அக்டோபரில், வேலை பாதியில் நிற்கும்போது, திடீரென 1,500 ரூபாய் ஏறியது என்றால் அது பழுதுபார்ப்பு நிதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொருளாளரிடம் விவரக் கணக்குக் கேளுங்கள். தண்ணீர் லாரிச் செலவு கூடியதுதான் காரணம் என்று அவர் காட்டினால், சரி, கட்டுங்கள். பழுதுபார்ப்புக்கு என்றால், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஐந்து மாதத்துக்கு 7,500 ரூபாயை உங்கள் உரிமையாளருக்காக நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். அதை வாடகையில் கழித்துக்கொள்ள அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இதில் அவருக்கு மறுத்துப் பேச இடம் மிகக் குறைவு. பேச்சுவார்த்தையை இந்த இடத்திலிருந்து தொடங்கச் சொல்வதும் அதனால்தான்.

அடுத்து, இந்தச் சாரம் ஏன் இவ்வளவு காலம் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் இருப்பதா போவதா என்று முடிவெடுக்க முடியாது. கடலோரத்தில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும்; பருக்கும்போது மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சன்ஷேடிலிருந்தும் பால்கனி விளிம்பிலிருந்தும் துண்டு துண்டாக விழுவது அதுதான். கீழே நிற்பவர் தலையில் விழுந்தால் உயிர் போகும். ஆக, வேலையே வேண்டாம் என்று யாரும் வாதிட முடியாது, நீங்களும் வாதிடவில்லை.

ஆனால் எவ்வளவு சுவர் கெட்டுப்போயிருக்கிறது என்பது சாரம் ஏறித் தட்டிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. தரையிலிருந்து பார்த்துப் போட்ட மதிப்பீடு, மேலே ஏறிச் சுத்தியலால் தட்டினால் பொய்யாகிவிடும். பொள்ளல் சத்தம் கேட்கும் இடமெல்லாம் உடைக்க வேண்டும். அளவு கூடும், தொகை கூடும், உடனே உரிமையாளர்களுக்குள் சண்டை வரும், பாதிப் பேர் பங்கைக் கட்டமாட்டார்கள். பணம் வராத கான்ட்ராக்டர் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார். சாரம் மட்டும் நிற்கும். இதற்கு மேல் உங்கள் சங்கம் ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியிருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில், ஆகஸ்ட் கடைசியில் சாரம் கட்டித் தீபாவளிக்குள் முடிப்போம் என்று சொன்னவர்களுக்கு ஒன்று கட்டட வேலை தெரியாது, அல்லது சென்னை தெரியாது. ஈரச் சுவரில் வண்ணம் நிற்காது. புதுப் பூச்சு நன்றாகக் காய ஏறக்குறைய ஒரு மாதம் விட வேண்டும். தை மாதத்தில் தொடங்கியிருந்தால் மழைக்கு முன் எல்லாம் முடிந்திருக்கும்.

மேற்பார்வையாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "எப்போது முடியும்?" என்பதல்ல. அதற்கு அவர் இன்னொரு பண்டிகையின் பெயரைச் சொல்வார். "எங்கள் பக்கச் சுவரில் உடைக்கும் வேலை முடிந்துவிட்டதா? கம்பிக்குத் துருநீக்கிப் பூச்சு அடித்தாயிற்றா? சிமென்ட் பூச்சு எத்தனை நாளில்? வண்ணத்துக்கான பணம் சங்கத்திடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். உடைப்பு முடிந்திருந்தால் சத்தத்திலும் தூசியிலும் மோசமான பகுதி உங்களைக் கடந்துவிட்டது. இனி வருவது காயும் காலமும் வண்ணமும்தான். உங்கள் பக்கம் இன்னும் தட்டியே பார்க்கவில்லை என்றால் கோடை முழுதும் வலைக்குள்தான் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வாடகைக் குறைப்புக்கு வருகிறேன். உரிமை உண்டு. ஒப்பந்தம் தொடங்கிய பிறகு வீட்டின் வசதியோ சேவைகளோ குறைந்தால் வாடகைதாரர் வாடகைக் குறைப்புக் கோரலாம் என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. இதைத் தவிர 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், வாடகையை ஒழுங்காகக் கட்டும் குடியிருப்பவர் இடையூறில்லாமல் வீட்டை அனுபவிக்கலாம் என்ற உறுதியை உரிமையாளர் அளித்ததாகவே கொள்கிறது. "அசோசியேஷன் வேலை, நான் என்ன செய்ய முடியும்?" என்பது பாதி உண்மை. வேலையை நிறுத்த அவரால் முடியாதுதான். ஆனால் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் அவர், நீங்கள் இல்லை. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கவும், கான்ட்ராக்டருடன் போட்ட ஒப்பந்தத்தைப் பார்க்கவும், தாமதத்துக்கு அபராதம் பிடித்தீர்களா என்று கேட்கவும் அவரால் முடியும். உங்களோடு ஒப்பந்தம் போட்டவரும் அவர்தான், சங்கம் அல்ல. சங்கத்திடம் போனால் உரிமையாளரை வரச்சொல் என்பார்கள், உரிமையாளரிடம் போனால் சங்கத்தைக் கேள் என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதனால் எழுத்துப் போக்குவரத்தை உரிமையாளரோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சங்கச் செயலாளருக்கு நகல் அனுப்பினால் போதும்.

எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்? சட்டத்தில் சூத்திரம் எதுவும் இல்லை. "நிம்மதி போய்விட்டது" என்று எழுதினால் அதற்கு விலை போட முடியாது. இழந்ததைப் பொருளாகச் சொல்ல வேண்டும்: பால்கனி முழுதாகப் பயன்படவில்லை, ஒரு படுக்கையறையில் ஏசி இல்லை, ஜன்னல் திறக்க முடியவில்லை, பகல் முழுதும் விளக்கு எரிகிறது. உங்கள் நிலையில் நான் 5,000 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்டு, 4,000க்கு ஒப்புக்கொள்வேன். கடந்த ஆறு மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாமா என்றால், கேளுங்கள். கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பேரத்தில் விட்டுக்கொடுக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும், அதற்கு அது உதவும்.

உங்கள் உரிமையாளருக்குச் சட்டத்தைவிட உறைக்கப் போவது கணக்கு. சாரம் மே கடைசிவரை நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்துக்கு 4,000 வீதம் அவருக்கு இழப்பு 12,000 ரூபாய். நீங்கள் கிளம்பிவிட்டால், வலை மூடிய வீட்டைப் பார்க்க வருகிற புதுக் குடும்பம் வாசலோடு திரும்பிவிடும். ஒரே ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் 28,000 போயிற்று. இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வீடு இப்போது எப்படி இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம். நண்பகலில் விளக்கு எரியும் கூடம், வலை மூடிய ஜன்னல், சிமென்ட் தூசி படிந்த பால்கனி ஆகிய மூன்றையும் படமெடுத்து அனுப்புங்கள். படங்களில் தேதி இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவர் ஒப்புக்கொள்ளும் முன் நீங்களாகவே வாடகையைக் குறைத்து அனுப்பாதீர்கள். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நிறுத்தியும் விடாதீர்கள். கோபத்தில் பலரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். இரண்டு மாத வாடகை நிலுவை என்பது வீட்டைக் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்குச் சட்டம் தரும் காரணங்களில் ஒன்று. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது வழக்கை அவர் பக்கம் திருப்பிக் கொடுக்க வேண்டாம். உரிமையாளர் பழுதுபார்க்க மறுத்தால் வாடகைதாரரே செய்து செலவைக் கழித்துக்கொள்ளலாம், குடியிருக்கவே முடியாத வீடு என்றால் பதினைந்து நாள் எழுத்து அறிவிப்போடு விட்டுப்போகலாம் என்றெல்லாம் யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அந்த விதிகள் இருக்கின்றன. ஆனால் அவை பழுதுபார்க்க மறுக்கும் உரிமையாளருக்கானவை. இங்கே பழுது பார்க்கப்படுகிறது, பார்த்து முடியவில்லை என்பதுதான் சிக்கல். உங்களுக்கு அவை பொருந்தாது.

முன்கூட்டியே சொல்லாதது தவறா? வீட்டில் உள்ள முக்கியமான குறை தனக்குத் தெரிந்து, வருபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை உரிமையாளர் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொல்கிறது. வெளிச்சுவர் விரிசல் கண்ணுக்குத் தெரிந்ததுதானே என்று அவரது வழக்கறிஞர் கேட்பார். சுவரைப் பார்த்தேன், ஆறு மாதம் வலைக்குள் வைக்கப்போகிறீர்கள் என்பதை எப்படிப் பார்ப்பது என்று நான் திருப்பிக் கேட்பேன். வாதிடத் தகுந்த விஷயம், வெற்றி உறுதியான விஷயமல்ல. வழக்குக்கு உதவுவதைவிடப் பேச்சுக்கு அது அதிகம் உதவும். மார்ச் பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல் கிடைத்தால் வாங்கி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் உரிமையாளராக இருந்தால் அவரது மின்னஞ்சலிலேயே இருக்கும். ஜூனில் வீட்டைக் கொடுத்தவருக்கு மார்ச்சில் போட்ட தீர்மானம் தெரியாது என்று சொல்வது கடினம். அந்த ஒரு தாள் மேசைமேல் இருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

இனி, காலி செய்வது. உங்கள் ஒப்பந்தம் ஏப்ரல் 30 அன்று முடிகிறது. மகளின் தேர்வு முடியும்வரை நீங்கள் நகரப் போவதில்லை, நகரவும் கூடாது. தேர்வு நேரத்தில் புது வீட்டில் பெட்டி பிரிப்பதற்கு இந்தச் சத்தமே மேல். ஆகவே உண்மையான முடிவு மே மாதத்துக்கானது. இங்கே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து முன்னறிவிப்பு எத்தனை மாதம் என்று பாருங்கள். நீங்கள் அதை எழுதவில்லை. சென்னையில் இரண்டு மாதம் என்று போடுவது சாதாரணம். அப்படியானால் ஏப்ரல் 30 அன்று வெளியேற பிப்ரவரி 28க்குள் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். இந்தப் பதிலைப் படிக்கும்போது உங்களுக்கு அதிக நாள் இருக்காது. போவதா இருப்பதா என்று தெரியாத நிலையில் அறிவிப்புக் கொடுப்பது சரியல்ல. கொடுத்துவிட்டுப் பிறகு இங்கேயே இருக்கிறேன் என்றால் பிடி அவர் கைக்குப் போய்விடும். அதற்குப் பதிலாக, சாரம் நிற்கும்வரை ஒரு மாத அறிவிப்பே போதும் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். 4,000 ரூபாய்க் குறைப்பைவிட உங்களுக்கு மதிப்புள்ளது இதுதான் என்பது என் கருத்து. பணத்தில் பிடிவாதமாக இருப்பவர்கள்கூட இதற்குச் சட்டென்று தலையாட்டிவிடுவார்கள், ஏனென்றால் இன்றைக்கு அவர்களுக்குச் செலவில்லை.

ஒப்பந்தக் காலம் முடிந்து, முறைப்படி அறிவித்துக் காலி செய்தால் அட்வான்ஸில் பிடிக்கச் சாரம் ஒரு காரணமாகாது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு திருப்ப வேண்டும் என்பது சட்டம். எதைக் கழிப்பார் என்பதில்தான் விளையாட்டு. வண்ணம் அடிக்க ஒரு மாத வாடகை என்று பிடிப்பது சென்னையில் ஊறிப்போன வழக்கம். வெள்ளையடிப்பு உரிமையாளர் பொறுப்பு என்று அட்டவணை சொல்வதை முன்பே குறிப்பிட்டேன். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை வைத்து அவர் வாதிடுவார், நீங்கள் அட்டவணையைக் காட்டுங்கள். அதைவிட அவசரமானது, உடைக்கும்போது உள்சுவரில் விழுந்த விரிசல், கண்ணாடியில் கீறல், ஜன்னல் சட்டத்தில் தெறித்த சிமென்ட் எல்லாவற்றையும் இந்த வாரமே படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுவது. ஏப்ரலில் கணக்குப் பார்க்கும்போது இது யார் செய்தது என்ற கேள்வி எழக் கூடாது.

வேலை முடிந்தபின் வாடகையை ஏற்றலாமா? கட்டடத்தைப் பழுதுபார்த்தேன், அதனால் கூட்டுகிறேன் என்று ஒப்பந்தக் காலத்துக்குள் சொல்ல முடியாது. வீட்டை மேம்படுத்தும் வேலைக்காக வாடகையை உயர்த்த வேண்டுமானால், வேலை தொடங்கும் முன்பே இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அப்போதும் உரிமையாளர் செய்தே ஆக வேண்டிய பழுதுபார்ப்பு அதில் சேராது. ஆனால் மே மாதத்துப் புது ஒப்பந்தத்தில் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். அங்கே சட்டத்தைத் தேடாதீர்கள். சாரத்தின் கடைசிக் கம்பு இறங்கிய மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் புது வாடகை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், அது போதும்.

2017ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாடகைக் குறைப்பு அவர் கவனிக்கும் விஷயம்தான். ஆனால் உங்கள் முத்திரைத்தாள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவானதா? தரகர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தால் இல்லை என்றே தோன்றுகிறது. பதினொரு மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. இந்தச் சட்டத்தின்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். முறையான ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி வெளியேறச் சொல்லவும் உரிமையாளருக்கு வழி இருக்கிறது. ஆக, மாதம் 4,000 ரூபாய்க்காகப் போய் வீட்டையே பணயம் வைப்பதாக ஆகிவிடலாம். இந்தக் கதவை நான் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். மேயில் தொடர்வதானால் புது ஒப்பந்தத்தை முறையாகப் பதிவு செய்யுங்கள். இருவரும் சேர்ந்து இணையத்திலேயே செய்யலாம்.

உரிமையாளருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஏறக்குறைய இப்படி: "மதிப்பிற்குரிய ஐயா, ஆகஸ்ட் இறுதி முதல் வெளிச்சுவர் வேலை காரணமாகப் பால்கனியும் ஒரு படுக்கையறை ஏசியும் எங்களுக்குப் பயன்படவில்லை. படங்கள் இணைத்துள்ளேன். வேலை தேவையானது என்பதை ஏற்கிறோம். மார்ச் மாதம் முதல் சாரம் அகற்றப்படும்வரை வாடகையில் 5,000 ரூபாய் குறைக்கவும், பழுதுபார்ப்புக்காக நாங்கள் சங்கத்துக்குச் செலுத்திய 7,500 ரூபாயை மார்ச் வாடகையில் சரிசெய்யவும், அதுவரை முன்னறிவிப்புக் காலத்தை ஒரு மாதமாகக் கொள்ளவும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதில் வரும்வரை வாடகையை வழக்கம்போலச் செலுத்துகிறோம்." பொருளாளரின் கணக்கைப் பார்த்த பிறகே அந்த 7,500 என்ற தொகையை எழுதுங்கள். மின்னஞ்சலில் அனுப்பி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி தகவல் சொல்லுங்கள். தொலைபேசியில் ஒப்புக்கொண்டால், "நீங்கள் இன்று பேசியபடி" என்று தொடங்கி அதை எழுதி அனுப்பிவிடுங்கள்.

வீட்டுக்குள் சில ஏற்பாடுகள். மாமியாருக்கு ஆபத்தானது உடைக்கும் நாட்களும், கான்கிரீட்டை மெஷினால் தேய்க்கும் நாட்களும்தான். உங்கள் பக்கத்து உடைப்புக்குத் தேதி கேட்டு அந்த நாட்களில் மட்டும் அவரை உறவினர் வீட்டில் விடுவது, மாதக்கணக்கில் ஜன்னலை அடைத்து உட்கார வைப்பதைவிட நல்லது. மருத்துவரிடமும் இந்தத் தூசியைப் பற்றிச் சொல்லிவையுங்கள். தேர்வு நேரத்துச் சத்தத்துக்குச் சட்டத்தை நம்ப முடியாது. குடியிருப்புப் பகுதியில் சத்தமெழுப்பும் கட்டுமான இயந்திரங்களுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரைதான் தடை. பகல் முழுதும் அவர்களுடையது. ஆனால் அந்தக் கட்டடத்தில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதும் பிள்ளைகள் உங்கள் மகள் மட்டுமாக இருக்க முடியாது. பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து தேர்வு அட்டவணையைச் செயலாளர் கையில் கொடுத்தால், அந்த வாரங்களில் உடைப்பை எதிர்ப்பக்கம் மாற்றுவது மேற்பார்வையாளருக்குப் பெரிய காரியமல்ல.

சாரம் என்பது யார் வேண்டுமானாலும் மூன்றாம் மாடிக்கு ஏறிவரக்கூடிய ஏணி. பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போதாது, உள்ளிருந்து பூட்டுங்கள். குளியலறைக் காற்றுத் துவாரத்துக்கு உட்புறம், வெளிச்சம் மட்டும் வந்து உருவம் தெரியாத தாள் ஒட்டிவிடுங்கள். மேலே நிற்கும் தொழிலாளிக்கும் அந்த ஜன்னல் சங்கடம்தான். நாள் முழுதும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பவர் அவர். வேலைக்காக யாராவது உங்கள் வீட்டுக்குள் வர வேண்டியிருந்தால், 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது உரிமையாளருக்கே உள்ள விதி. பால்கனி வழியாக எட்டிக் குதித்து வருவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை என்று மேற்பார்வையாளரிடம் ஒருமுறை கறாராகச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக அந்த ஏசி. கழற்றியது வேலைக்காக, எனவே திரும்பப் பொருத்தும் கூலியும் வாயு நிரப்பும் செலவும் உங்கள் பொறுப்பல்ல. அதை வீட்டு உரிமையாளர்தான் சங்கத்திடம் கேட்டு வாங்கட்டும். ஆனால் சாரம் இறங்கிய பிறகு மூன்றாம் மாடி வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு வெளிப்பெட்டியைப் பொருத்த வருகிற ஆளைத் தேடி அலைவீர்கள். வந்தாலும் கூலி பல மடங்கு கேட்பார், ஆபத்து வேறு. உங்கள் பக்கச் சாரத்தை எந்தத் தேதியில் பிரிக்கிறார்கள் என்று கேட்டு, வண்ணம் காய்ந்ததும் அதற்கு முன்பே மெக்கானிக்கை வரவழையுங்கள். படுக்கையறைச் சுவரில் மழைக்கு ஓதம் இறங்கும் இடம் இருந்தால் அதையும் மேஸ்திரியிடம் இப்போதே காட்டுங்கள், அவர் இன்னும் அந்தச் சுவருக்கு எதிரேதான் நிற்கிறார்.